குகை வாயிலில் ஒரு கண்

குணவதி அந்தத் தாளை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபோது, தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கிய வெயில் அதன் பின்புறத்தில் பட்டது. முன்புறத்தில் இருந்த பெண்ணின் மேனி, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் ஒளிர்ந்தது.

"ணா, இங்க வா. இத்த பாரு," என்றாள்.

எழுந்து சென்றேன். பிரிப்பு மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அதற்குள் கூடிவிட்டனர். காகிதத் தூசி வெயிலில் மிதந்தது. ஒருவரும் பேசவில்லை. எங்கள் கொட்டகையில் அத்தகைய அமைதியை அதற்கு முன் நான் இரண்டு முறைதான் கேட்டிருந்தேன். ஒன்று, மின்சாரம் அரை நாள் நின்றபோது. மற்றொன்றைப் பிறகு சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் கோடியில் இருந்த காகித ஆலை அது. வெளிநாடுகளில் படித்து எறிந்த காகிதம், கம்பி கட்டிய பெரும் பொதிகளாக எங்களிடம் வந்து சேரும். பெண்கள் அதைப் பிரித்து, பிளாஸ்டிக்கையும் துணியையும் களைவார்கள். மிஞ்சியது பெருந்தொட்டியில் கூழாகி, மறுபடியும் அட்டையாகும். பிரிப்புக் கொட்டகையில் எடைச் சீட்டு எழுதுவது என் வேலை.

பொதியின் வயிற்றிலிருந்து வந்த அந்தத் தாள் பெரியது, கனமானது, விரலில் வழுக்கியது. ஏதோ ஒரு பெரும் புத்தகத்திலிருந்து கழன்றிருக்க வேண்டும். கம்பி இறுக்கிய இடத்தில் வலது கீழ்மூலை கிழிந்துபோயிருந்தது. ஓவியர் கையொப்பமிட்டிருந்தால் அங்கேதான் இட்டிருப்பார்.

கடலோரத்துக் குகை. உட்புறம் முழுவதும் பாசியும் பவளமும் பெயர் தெரியாத நீர்ப்பூக்களும். அவற்றின்மேல் ஒரு பெண் ஆடையின்றிச் சாய்ந்திருந்தாள். ஒரு கை தலைக்கு மேல் வளைந்து கிடந்தது. ஈரக் கூந்தல் பாசியோடு பின்னி, எது கூந்தல், எது கொடி என்று பிரிக்க இயலாதபடி இறங்கியது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஒரு நீர்த்துளி, விழ மனமில்லாமல் நின்றது.

குகையின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு முகம் இருந்தது. மலைபோன்ற முகம். நெற்றியின் நடுவே ஒரே ஒரு பெரிய கண். அந்தக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தில் விளக்கு இல்லை, நிலவும் இல்லை. வெளிச்சம் அவள் மேனியிலிருந்து புறப்பட்டு அவன் முகத்தில் போய் விழுந்தது.

ஆடையற்ற பெண்களின் படங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. சோப்பு விளம்பரமும் உள்ளாடை விளம்பரமும் பொதிக்குப் பொதி வரும். அந்தப் பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவள் யாருக்காகவும் அங்கே இல்லை.

"துணி இல்லாம கீறாளே," என்று ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, மாதாவா இருக்குமோன்னு பாக்கறியா?" என்றாள் குணவதி.

"ஐய, மாதாவ ஏன்டி இஸ்துக்கினு வர்ற? மாதா தலையிலேர்ந்து கால் வரிக்கும் போத்திக்கினு இருக்கும்."

"அப்ப இது எங்காளு. நெத்திக்கண்ணு கீது பாரு. முனீஸ்வரன்! உள்ள அம்மன் தூங்குது, இவரு வாசல்ல குந்திக்கினு காவல் காக்கறாரு."

"மீதி ரெண்டு கண்ணு எங்க?"

"மூடிக்கினு கீறாரு. மூணையும் தொறந்தா ஒலகம் தாங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பயபக்தி கலந்துவிட்டது. மற்ற இரு கண்களும் இருக்க வேண்டிய இடத்தை ஓவியர் இருளில் கரைத்திருந்ததால், குணவதி சொன்னதை மறுக்க யாராலும் இயலவில்லை.

அவளே மறுபடியும் குனிந்து உற்றுப் பார்த்தாள். "ஆனா இவ தூங்கலடி. சும்மா கண்ண மூடிக்கினு கீறா. கால் கட்டவெரலப் பாரு, மேல தூக்கிக்கினு நிக்குது. தூங்கறவளுக்கு வெரலு அப்டி நிக்காது."

அனைவரும் அந்த விரலைப் பார்த்தோம். அவள் சொன்னது உண்மை.

தாள் போகாது, மணம் போகும்

அந்தப் படத்தை அச்சிடலாமே என்று இந்த இதழின் ஆசிரியர் கேட்டார். அது என்னிடம் இல்லை. ஆலைக்குள் வந்த காகிதம் காகிதமாக வெளியே போகக் கூடாது என்பது விதி. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். சட்டைப் பையையும் திருப்பிக் காட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டபோது, நாங்கள் தூணில் ஒட்டி வைத்திருந்த அந்தப் படம் மழையில் நனைந்து, எல்லாத் தாள்களும் போன வழியே போயிற்று.

பள்ளிக்கூடத்தை நான் ஐந்தாம் வகுப்போடு விட்டேன். எழுதப் படிக்க மிச்சம் கற்றது அந்தக் கொட்டகையில்தான். உள்ளூர்க் கடைகளிலிருந்து வரும் பொதிகளில் தமிழ் வார இதழ்கள் இருக்கும். உணவு இடைவேளையில் அவற்றைப் படிப்பேன். தொடர்கதையின் நடு அத்தியாயம் மட்டும் கிடைக்கும். முதலும் முடிவும் வேறு எந்தப் பொதியிலோ கூழாகியிருக்கும். இந்த இதழின் பழைய பிரதிகளும் அவ்வாறு என் கைக்கு வந்தவையே. என் உரைநடையில் ஏதேனும் ஒழுங்கு இருக்குமானால், அது வாசகர்களாகிய நீங்கள் படித்துவிட்டு எடைக்குப் போட்டதன் பயன்.

வெளிநாட்டு இதழ்களில் வேறொரு விந்தை உண்டு. வாசனைத் திரவிய விளம்பரத்தின் ஓரத்தை மடித்து ஒட்டியிருப்பார்கள். அந்த மடிப்பைப் பிரித்துத் தேய்த்தால் மணக்கும். தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது. மணத்தை எந்தக் காவலர் சோதிக்க முடியும்? பணி முடிந்ததும் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு, கவரைப்பேட்டை வரை ரயிலில் கையை மடக்கி வைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் என் மனைவி மரகதத்தின் மணிக்கட்டில் அதை ஒற்றுவேன்.

"இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்பாள்.

"பாரிஸ்," என்பேன். நிஜத்தில் எந்த ஊர் என்று எனக்கும் தெரியாது. மூக்கருகே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரிப்பாள்.

இரண்டாவது அமைதி

அக்காலத்தில் பொதிகளின் கம்பியை வெட்டுவது என் வேலையாக இருந்தது. இறுக்கிக் கட்டிய கம்பி, வெட்டுப்பட்டதும் சாட்டைபோல் துள்ளும். வெட்டுபவன் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பல்லாண்டுகள் பக்கவாட்டில் நின்றவன், ஒரு நாள் எதையோ நினைத்துக்கொண்டு நேரே நின்றேன்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அமைதி. பெண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். இடது கண்ணுக்கு நேர்ந்ததை நான் அறிவதற்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மருத்துவமனையில் கட்டைப் பிரித்த அன்று மாலையே கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். குளிக்கும்போது தவிர அதை நான் கழற்றவில்லை. உறங்கும்போதும் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

"நான் பாக்காத மூஞ்சியாய்யா அது?" என்று மரகதம் ஒரு முறை கேட்டாள்.

"போய் வேலையப் பாரு," என்றேன்.

அவள் மறுபடியும் கேட்கவில்லை. சில நாள் கழித்துத் தன் பாயை முன் அறைக்கு மாற்றிக்கொண்டாள். "இங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது," என்றாள். முன் அறையில் மின்விசிறியே இல்லை.

என் முகத்தை அவளிடம் மறைத்ததோடு நான் நிற்கவில்லை. அவளைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஒற்றைக் கண்ணால் ஒரு பெண்ணை ஆசையோடு பார்ப்பது, கடைத்தெருவில் நின்று கண்ணடிப்பதுபோல் ஈனமான செயல் என்று எனக்குத் தோன்றிற்று. மணிக்கட்டில் மணம் தேய்ப்பதும் நின்றது. ஒரு கூரையின்கீழ், தண்ணீர்க் குடத்தைப் பற்றியும் ரயில் நேரத்தைப் பற்றியும் பேசிக்கொள்ளும் இரண்டு பேராக ஆனோம். அப்படியே சில ஆண்டுகள் சென்றன. இனியும் அப்படியே செல்லும் என்று எண்ணியிருந்தேன்.

பின்புறத்தில் அச்சிட்டிருந்த கதை

தாளின் பின்புறத்தில் அயல்மொழியில் நிறைய அச்சிட்டிருந்தது. ஒரு மணி நேரம் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த லாவண்யாவிடம் போனேன். சூளூர்ப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வரும் பெண். எழுத்தின்மேல் கைபேசியைப் பிடித்தால் அது மொழிபெயர்த்துச் சொல்லும் என்பதை அன்றுதான் கண்டேன்.

"கிரேக்கக் கதை அங்கிள்," என்றாள். "இவ கடல் தேவதை. கலாத்தியான்னு பேரு. பால் மாதிரி வெள்ளைன்னு அர்த்தமாம். இவன் ஆடு மேய்க்கிற ராட்சசன். இவ மேல அவனுக்கு அப்படி ஒரு ஆசை. ஆனா அவளுக்கு வேற ஒருத்தனைப் பிடிச்சிருக்கு."

"அப்புறம்?"

"அந்த வேற ஒருத்தனைப் பாறையைத் தூக்கிப் போட்டுக் கொன்னுடுறான்."

"முனீஸ்வரன் இல்லியாம்மா? நெத்திக்கண்ணு கீதே?"

"நெத்திக்கண்ணு இல்ல அங்கிள். இவனுக்கு மொத்தமே ஒரு கண்ணுதா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்க்காமலிருக்க முயன்று, மேசை மேலிருந்த குடுவையைப் பார்த்தாள்.

"சாரி அங்கிள்."

"படிம்மா," என்றேன்.

"குறியீட்டியம்னு ஒண்ணு போட்டிருக்கு. இந்த ஓவியர்கள் நடந்ததை அப்படியே வரைய மாட்டாங்களாம். மனசுல இருக்கிற, வெளிய சொல்ல முடியாத ஒண்ணுக்கு உருவம் கொடுப்பாங்களாம்." தாளைத் திருப்பிப் படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "இதுல அவன் இன்னும் பாறையைத் தூக்கலை, பாருங்க. கை சும்மாதான் இருக்கு."

பார்த்தேன். குகை வாயிலின் விளிம்பில் அவன் கை கிடந்தது. அவளுடைய உடலைவிடப் பெரிய கை. விரல்கள் விரிந்திருந்தன. எதையும் பற்றவில்லை.

நம் புராணத்தில் நெற்றிக்கண் திறந்தபோது மன்மதன் எரிந்து சாம்பலானான். ஆசையை எரிப்பதற்கென்றே நெற்றியில் வைத்த கண் அது. இங்கேயோ, கடல் கடந்த எவனோ ஒருவன் ஆசையைக் கொண்டுபோய் அதே நெற்றியில் குடிவைத்திருக்கிறான். எதுவும் எரியவில்லை. பாசி ஈரமாகவே இருக்கிறது. துளி விழாமல் நிற்கிறது. அந்தக் கண்ணில் வெறி இல்லை, கெஞ்சலும் இல்லை. உலகத்தில் இப்படி ஒன்று உண்டா என்ற மலைப்பு மட்டும் இருக்கிறது.

கோர முகம் படைத்தவன், தன் கோரத்தை மறந்துபோகுமளவுக்குப் பார்க்கிறான். நான் அந்த ஆய்வுக்கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். லாவண்யாவின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டேன்.

கொட்டகைக்குத் திரும்பிய நான் பெண்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொலைகாரன் என்று தெரிந்தால் படம் தொட்டிக்குப் போய்விடும். அது ஒரு காரணம். ஒற்றைக் கண் என்று தெரிந்தால் அனைவரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அது மற்றொரு காரணம். குணவதி படத்தை மைதாப் பசையால் நடுத்தூணில் ஒட்டினாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தவர், "இன்னாம்மா இது, வேலை செய்ற எடத்துல ஆபாசமா?" என்று கையை ஓங்கினார்.

"சார், சார்! சாமி படம் சார். முனீஸ்வரன்," என்றாள் குணவதி.

ஓங்கிய கை அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, "அம்மனுக்கு ஒரு பூவாவது போடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருவிகள் ஓய்வெடுக்கும் நாள்

அடுத்த சில நாட்களில் ஆயுத பூஜை வந்தது. அன்று மட்டும் தொழிலாளர்களின் குடும்பத்தினர் ஆலைக்குள் வரலாம். குழந்தைகள் பொரியைக் கொறித்துக்கொண்டு இயந்திரங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு விபத்து நேர்ந்தபின் மரகதம் அங்கே வந்ததில்லை, நானும் அழைத்ததில்லை. அந்த ஆண்டு குணவதி என்னைக் கேட்காமலே அவளுக்குக் கைபேசியில் சொல்லிவிட்டாள்.

மரகதம் இலைப்பச்சைச் சேலையில் வந்தாள். குணவதி ஓடிப்போய் ஒரு வாசனைத் தாளை அவள் மணிக்கட்டில் தேய்த்து, "வா அண்ணி, எங்க முனீஸ்வரனப் பாரு," என்று இழுத்து வந்தாள்.

தூணைச் சுற்றிப் போட்டிருந்த சாமந்தி மாலை, படத்திலிருந்த பெண்ணின் மார்பிலிருந்து முழங்கால் வரை மறைத்திருந்தது. மரகதம் படத்தின் முன் நின்றாள். ஒரு விரலால் மாலையை ஓரமாக நகர்த்தினாள். அவசரமின்றி, தலையிலிருந்து கால்வரை, பிறகு அந்த முகம், அந்தக் கண் எல்லாவற்றையும் பார்த்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"இவரு இன்னா பண்றாரு?" என்றாள்.

"காவல் காக்கறாரு அண்ணி."

"காவல் காக்கறவன் வெளிய பாத்துக்கினு இல்ல இருப்பான்? இவரு உள்ள பாக்கறாரே."

இத்தனை நாள் அதை ஏன் கவனிக்கவில்லை என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"அப்ப இன்னாதான் பண்றாரு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"ஆசையா பாக்கறாரு. கூப்புடத் தெரியாம வாசல்லயே குந்திக்கினு கீறாரு, பாவம்." மாலையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். "அவளும் எத்தினி நாளுதான் கண்ண மூடிக்கினு கெடப்பா?"

என் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பாமலேயே அச்சொற்கள் நேரே என்னிடம் வந்தன. எழுத்தறியாதவள்; கிரேக்கம் எங்கே இருக்கிறதென்று அறியாதவள். கைபேசியும் அச்செழுத்தும் எனக்குச் சொன்னதை வெறும் கண்ணால் படித்துவிட்டாள்.

தூணின் அடியில் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கம்பி வெட்டும் கத்தரி, கொக்கிகள், தராசுத் தட்டு. குணவதி ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

"ணா, உன் சாமான் எங்க? எல்லாரும் வெச்சாச்சு."

நான் எடைச் சீட்டு எழுதும் பேனாவை எடுத்தேன்.

"இவருக்கு அது இல்ல ஆயுதம்," என்றாள் மரகதம்.

என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் உயர்த்தி, என் காதுகளின் பின்னாலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். நான் விலகியிருக்கலாம். விலகவில்லை. இரண்டு கறுப்பு வில்லைகளிலும் சந்தனத்தைத் தடவி, குங்குமம் வைத்து, கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். கொட்டகை அமைதியானது. அன்று கம்பி துள்ளிய நாளின் அமைதிதான். ஆனால் இம்முறை அச்சத்தில் பிறந்த அமைதி அல்ல.

குணவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணி, பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல மறுபூஜ பண்ணித்தான் எடுக்கணும்."

"தெரியும்," என்றாள் மரகதம்.

இரண்டு மணி ரயில்

வெற்று முகத்தோடு நடைமேடைக்கு வந்தேன். வெயிலே கல்லாக வந்து முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை என்னை வெறித்துப் பார்த்தது. சற்று நேரத்தில் அலுத்துப்போய்த் தன் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டு நான் பயந்தது அவ்வளவுக்குத்தான்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கம்போல் என் குருட்டுப் பக்கம் அவளுக்கு அமையுமாறு உட்கார்ந்தேன்.

"எழுந்துரு. இந்தப் பக்கம் குந்து," என்றாள் மரகதம். "நான் தெரிய வேணாமா?"

இடம் மாறினோம். அவள் என் வலப்புறத்தில் இருந்தாள். நெல் வயல்களும் ஆலைப் புகைபோக்கிகளும் அவளுக்கு அப்பால் ஓடின. நான் அவற்றைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முன் அறையில் இருந்த தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். பாயை விரித்து, தலைக்கு மேல் ஒரு கையை வளைத்து, படுத்து, கண்களை மூடினாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். பிற்பகல் வெயில் கூரையின் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கி அவள்மேல் விழுந்து, அங்கிருந்து என் முகத்தில் பட்டது. அவிழ்ந்த கூந்தலில் நான் கவனியாத ஆண்டுகளின் நரை இருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஒரு வியர்வைத் துளி, விழ மனமில்லாமல் நின்றது. மணிக்கட்டிலிருந்து எந்த ஊரினதென்று தெரியாத அந்த மணம் எழுந்து வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் மேனியில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. என் கை நிலைப்படியின்மேல் விரிந்து கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

அப்போதுதான் அவள் பாதத்தைப் பார்த்தேன். மெட்டி அணிந்த விரலுக்கு அடுத்த கட்டைவிரல், மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"மரகதம்," என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்குக் காலை வரிக்கும் டைம் கீது," என்றாள். "அவசரமில்ல. நல்லா பாரு."